அனுபவப்பட்டவர்களே நடத்தும் மனநல நெருக்கடி உதவி மையம், தருமபுரி: ஒரு மதிப்பீடு

மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, அடுத்து வரச் சொன்ன தேதி வரையில் இடையே கிடக்கும் இரவுகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, தருமபுரியில் நான் நேரில் கண்ட உருப்படியான பதில் இந்த மையம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. அங்கே மருத்துவர் கிடையாது, மாத்திரை கிடையாது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான சான்றும் கிடைக்காது. ஒரு காலத்தில் தாங்களே மன நெருக்கடியில் விழுந்து, சிகிச்சை எடுத்து, ஓரளவு நிலைப்பட்ட பெண்களும் ஆண்களும் முறை வைத்து அமர்ந்து, அதே நிலையில் இப்போது இருப்பவர்களோடு பேசுகிறார்கள். பகலில் நேரில் போகலாம். இரவில் கைபேசியில் அழைக்கலாம்.

மையத்தின் பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இப்போதுள்ள ஆட்களையும் பணத்தையும் வைத்துக்கொண்டு, வருகிற அழைப்புகளையே எல்லா நாளும் எடுக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நல்லபடியாக எழுதினால் கூட்டம் கூடிச் சேவை குலைந்துவிடும் என்ற நிலையில் ஒரு மையம் இருப்பதால்தான் இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் நிதியைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

பெங்களூருவில் வேலை பார்த்துவந்த என் தம்பி, உடல்நிலை காரணமாக ஊர் திரும்பி, மருத்துவரின் சிகிச்சையில் இருக்கிறான். அவனுக்காகவே இந்த மையத்துக்குப் போகத் தொடங்கினோம். சில மாதங்களாகப் போய்வருகிறோம். முதலில் கவனித்தது நாற்காலிகளைத்தான். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிராக இல்லாமல், இரண்டுமே சன்னலைப் பார்த்தபடி பக்கம் பக்கமாகப் போடப்பட்டிருந்தன. கீழே சாலையில் போகும் டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அன்று முறையில் இருந்த பெண், "மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னா பாதி விஷயம் வெளியிலயே வராதுங்கக்கா" என்றார். அவர் எந்தக் கல்லூரியிலும் உளவியல் படித்தவர் அல்லர். காரிமங்கலம் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிறவர். ஆனால் அந்த ஏற்பாடு என் தம்பியைப் பேச வைத்தது. வேறு இடங்களில் மேசைக்கு எதிரே உட்கார வைத்தபோதெல்லாம், அவனுக்குப் பதிலாக நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

வருகைப் பதிவேடு என்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் வந்தவரின் பெயருக்கு ஒரு எழுத்து, வந்த நேரம், போன நேரம் ஆகியவை மட்டுமே எழுதப்படுகின்றன. நோயின் பெயரையோ, ஊரையோ, அப்பாவின் பெயரையோ கேட்பதில்லை. "யார் வீட்டுப் பையன்" என்பதையே முதல் கேள்வியாக வைத்திருக்கிற நம் பக்கத்தில் இது சிறிய விஷயம் அன்று. ஊரையும் தெருவையும் சொன்னால் சாதி தெரிந்துவிடும், சாதி தெரிந்தால் சேதி போய்ச் சேரும் என்ற பயத்திலேயே, வீட்டுக்குப் பக்கத்தில் உதவி இருந்தாலும் அதைத் தாண்டி வேறு தாலுகாவுக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு.

இரவு அழைப்புகளுக்கான கைபேசி, பொத்தான் வைத்த பழைய மாடல். அது யாருடைய சொந்தக் கைபேசியும் இல்லை. முறைக்காரர் மாறும்போது கைபேசியும் அதன் சார்ஜரும் ஒரு மஞ்சப்பைக்குள் போய், பேருந்து நிலையத்தில் பென்னாகரம் வண்டி நிற்கும் இடத்தில் கை மாறுகின்றன. வாங்கிக்கொண்டவர் கடைசி வண்டியைப் பிடித்து ஊருக்குப் போய், வீட்டு வேலைகளை முடித்து, இரவு முழுவதும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார். நான் மேலே சொன்ன பெண், மாமியாரும் பிள்ளைகளும் விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டுதான் பேசுவாராம். ஒருமுறை நள்ளிரவுக்கு மேல் நாங்கள் அழைத்தபோது மாட்டின் கழுத்து மணியோசை கேட்டது. என்ன சத்தம் என்று தம்பி கேட்டான். அவர் மாட்டின் பெயரைச் சொன்னார். பேச்சு அங்கிருந்து தொடங்கியது.

அவர்கள் பேசும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சும்மா ஆறுதல் சொல்வது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகு, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கிறார்கள். முதல் தடவை பக்கத்திலிருந்து கேட்ட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைப்பதில்லை என்பதும், மறைத்து வைத்திருந்ததை வெளியே சொல்ல ஒரு வழி கொடுக்கிறது என்பதும் இத்துறையில் இருப்பவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டவை. உயிருக்கு ஆபத்து அருகில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் தாமதிப்பதில்லை: 108 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்கிறார்கள், தாங்களும் அழைக்கிறார்கள், மருத்துவமனையில் போய்ச் சேரும் வரை இணைப்பைத் துண்டிப்பதில்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது பற்றி என்ன கேட்டாலும் டாக்டரைக் கேளுங்கள் என்ற ஒரே பதில்தான். "எனக்கும் இந்த மாத்திரைதான், எனக்கு ஒத்துக்கிச்சு" என்று சொல்வதுகூட அங்கே விதிமீறல். கோயில், மந்திரிப்பு, தாயத்து ஆகியவற்றைப் பற்றிக் கேலியும் இல்லை, சிபாரிசும் இல்லை.

இதை அரசின் 14416 எண்ணோடு ஒப்பிட்டுக் கேட்கிறவர்கள் இருப்பார்கள். 2022 அக்டோபர் 10 அன்று தேசிய அளவில் டெலி மானஸ் என்ற பெயரில் தொடங்கி, அதே மாதத்தில் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று அறிமுகமான அந்த எண், கட்டணமில்லாமல் 24 மணி நேரமும் இயங்குகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் தமிழில் பேசுகிறார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைக்கப்படும். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த எண்ணும் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது, இதைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரு அழைப்பு மையத்தால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. போன வாரம் பேசிய அதே ஆளே இந்த வாரமும் எடுப்பது, பென்னாகரத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்லாமலே தெரிந்திருப்பது, மறுநாள் நேரில் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவது ஆகியவை மாவட்டத்துக்குள் இருக்கிற, அந்தத் துன்பத்தைத் தாமே பட்ட ஒருவரால்தான் முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நான் நினைக்கவில்லை. ஒன்றுக்கு அரசுப் பணம் போகிறது, மற்றொன்றுக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை என்பதே என் குறை.

குறைகளையும் எழுதத்தான் வேண்டும். வாரத்தில் எல்லா இரவும் கைபேசி எடுக்கப்படுவதில்லை. முறைக்காரருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் அன்றைக்கு மாற்று ஆள் கிடையாது. தாங்களே பாதிக்கப்பட்டவர்கள் என்பதால் அப்படிப்பட்ட நாட்கள் வரத்தான் செய்யும். அதைக் கணக்கில் எடுத்து ஆட்களை வைக்க அவர்களிடம் வசதி இல்லை. மாடிப்படி செங்குத்தானது, கழிப்பறை கீழ்க்கடையோடு பொது. கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு இது பெரிய தடை. ஓர் இளைஞர், உதவி கேட்டு வந்தவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் தன் கதையைத் தொடங்கி அரை மணி நேரம் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். தன் காயம் இன்னும் ஆறாதவர். இப்படிப்பட்ட சேவைக்கே உரிய ஆபத்து இதுதான். அனுபவம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் மற்றவருக்குத் துணையாக இருக்கத் தகுதி பெற்றுவிடுவதில்லை. தன் கதையில் எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்று பழகியிருக்க வேண்டும். அதற்கு மாதம் ஒருமுறையாவது மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு அழைப்பையும் அலசிச் சொல்லித்தர வேண்டும். அப்படி வந்துகொண்டிருந்த மூத்த ஆலோசகருக்குப் பயணப்படி கொடுக்க முடியாததால் அவர் வருவது நின்றுபோயிருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் அழைக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிப் பார்த்தால், நான் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை பணத்தில் வந்து நிற்கின்றன. வாடகை, மின்கட்டணம், ரீசார்ஜ், பஸ் செலவு எல்லாமே தன்னார்வலர்கள் போடும் காசும், குணமாகிப் போன குடும்பங்கள் தரும் காசும்தான். இடையில் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஓராண்டு பணம் வந்தது, மறு ஆண்டு அந்த நிறுவனம் மரம் நடுவதற்கு மாறிவிட்டது. மரமும் வேண்டும்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும் ஒரு கைபேசி, ஒரு நிறுவனத்தின் அந்தந்த ஆண்டு விருப்பத்தை நம்பி இருக்கக் கூடாது.

இந்த மாதிரி வேலைக்கு அரசு பணம் கொடுப்பதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக வைக்கிறது. ‘அரசு நிதி தரும்’ என்ற சொற்கள் அங்கேயே இருக்கின்றன. 115 ஆவது பிரிவைப் பற்றிப் பேசும்போது, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்ற முதல் பாதியை மட்டுமே பலர் சொல்கிறார்கள். கடும் மன அழுத்தத்தில் இருந்து முயன்றவருக்கு, அது மீண்டும் நேராதபடி கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதே பிரிவின் இரண்டாம் பகுதி சொல்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் வாரங்களில் அந்தக் கடமையை யார் செய்கிறார்கள் என்று கேட்டால், எங்கள் விஷயத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையைத்தான் காட்ட முடியும். இதே சட்டத்தின் 74 ஆவது பிரிவு, நோயாளிகளின் உரிமை பற்றிய புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கோ அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ அவர்களுக்கான அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கோ இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறது. வாரியத்தில் உட்காரத் தகுதி உண்டென்றால் கைபேசியை எடுக்கவும் தகுதி உண்டு.

கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சிறு தொகை கொடுத்து, வீடு வீடாக அனுப்புவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பெண்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. அதே ஆண்டில் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். இரவு முறைக்காரருக்கும் அதுபோல ஒரு தொகையும், வாடகையும், பஸ் செலவும் கொடுத்தால் இந்த மையம் வாரம் முழுவதும் ஓடும்.

பணம் எங்கிருந்து என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓசூர், தளி என்று மையத்துக்கு அழைப்புகள் வருகிற பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க கிரானைட் குவாரிகள். குவாரிகள் செலுத்தும் தொகையிலிருந்து குவாரிப் பகுதி மக்களின் நலனுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு ஒரு பங்கு போகிறது. 2015 இல் வெளியான பிரதமர் கனிமப் பகுதி நலத் திட்டத்தின் நெறிமுறைகள், அந்தப் பணத்தை முன்னுரிமையாகச் செலவிட வேண்டிய துறைகளில் ஒன்றாகச் சுகாதாரத்தை வைக்கின்றன. கல் உடைக்கிற ஊர்களில் கடனும் குடியும் எப்படிப்பட்டவை என்பதை இங்கே வசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மத்திய அரசின் பணத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. டெலி மானஸுக்கு 2022-23 இல் 120.98 கோடி, 2023-24 இல் 133.73 கோடி என்று ஒதுக்கியவர்கள் 2024-25 இல் 90 கோடிக்கு இறங்கினார்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989 முதல் போலீசாருக்குப் பதிலாக மன நெருக்கடி அழைப்புகளுக்குப் போய்வந்த ‘கஹூட்ஸ்’ என்ற சேவை, உலகமே மேற்கோள் காட்டிய பிறகும், நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அந்நகரில் நின்றுபோனது. அதே நாட்டில் மாசசூசெட்ஸ் மாநில அரசின் மனநலத் துறைப் பணத்தில் 2012 முதல் நடக்கும் ‘அஃபியா இல்லம்’ என்ற மூன்று படுக்கையறை வீட்டில், நெருக்கடியில் இருப்பவர் ஏழு இரவுகள் வரை தங்கலாம். நடத்துபவர்கள் எல்லோருமே அனுபவப்பட்டவர்கள். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகள் பற்றிய வழிகாட்டியில் அந்த வீடும், கிராமத் தன்னார்வலர்களைக் கொண்டு குஜராத்தில் நடக்கும் ‘ஆத்மீயதா’ திட்டமும் நல்ல எடுத்துக்காட்டுகளாக இடம்பெற்றிருக்கின்றன. மூன்று அறை வீட்டுக்கு ஒரு மாநில அரசு பணம் கொடுக்க முடியுமென்றால், ஒற்றை மாடியறையை நம் மாவட்ட நிர்வாகத்தால் தாங்க முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசுப் பணமே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் மையத்துக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. குடியை விட்டவர்களின் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்கள் 1935 இல் தொடங்கிய காலம் தொட்டு உலகெங்கும் பரவி நிற்கின்றன. வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதில்லை, உறுப்பினர்கள் போடும் காசில்தான் நடத்துவது என்பது அவர்களுடைய மரபு. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதால் யாருடைய பெயரையும் வெளியே சொல்ல வேண்டியதுமில்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையமும் தன்னார்வலர்களின் தோளில்தான் நிற்கிறது. ஆனால் சென்னையின் தன்னார்வலர் கூட்டம் தருமபுரிக்குக் கிடைக்காது. ஏ.ஏ. கூட்டத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு பள்ளியறை போதும். இரவு முழுவதும் விழித்திருக்க ஆள் வேண்டியதில்லை. மறுநாள் தக்காளி மண்டிக்கோ நூறு நாள் வேலைக்கோ போக வேண்டியவரிடம் போய், இரவெல்லாம் சம்பளமில்லாமல் விழித்திரு என்று மாதக்கணக்கில் கேட்பது சேவை மனப்பான்மையைச் சுரண்டுவதாகவே எனக்குப் படுகிறது.

அவர்களுடைய அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. ஒரு திட்டத்தின் கீழ் உதவி கேட்டு விண்ணப்பித்தபோது கொடுக்கப்பட்ட படிவத்தை எனக்குக் காட்டினார்கள். பயனாளிகளின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஆதார் எண், நோயின் தன்மை, புகைப்படம் என்று கட்டங்கள் போகின்றன. கடைசிக் கட்டத்தில், காலாண்டில் ‘குணப்படுத்தப்பட்டோர் எண்ணிக்கை’ கேட்கப்பட்டிருந்தது. நாற்பது பக்க நோட்டில் ஒற்றை எழுத்துக்கு மேல் எழுதாதவர்கள் இதை எப்படி நிரப்புவார்கள்? பெயர்க் கட்டங்களை வெறுமையாக விட்டு, எத்தனை இரவுகள் கைபேசி எடுக்கப்பட்டது, எத்தனை அழைப்புகள் தவறின, எத்தனை பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்ற கணக்கை மட்டும் தனித்தாளில் எழுதி இணைத்துக் கொடுத்தார்கள். விண்ணப்பம் ‘முழுமையற்றது’ என்று திரும்பி வந்தது. என்னைக் கேட்டால் அந்தத் தனித்தாள்தான் சரியான கணக்கு. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். அந்தக் கணக்கு சேவையைப் பற்றியதாக இருக்கட்டும், வந்தவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டாம்.

யாருக்கு இந்த மையத்தைச் சிபாரிசு செய்வேன் என்றால், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி முதல் சில வாரங்களில் தனியாக இருக்கத் தயங்குபவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொண்டு தூக்கம் கெட்டுப்போன வீட்டாருக்கும்தான். இதுவரை மருத்துவரையே பார்க்காதவர்கள் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதே சரி. மையத்தில் இருப்பவர்களும் அதையேதான் சொல்லி, வேண்டுமானால் கூடவே வரிசையில் நிற்க ஓர் ஆளையும் அனுப்புகிறார்கள். உடனடி ஆபத்து என்றால் 108. இரவில் மையத்தின் கைபேசி எடுக்கப்படாவிட்டால் 14416 ஐ அழையுங்கள், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104 இலும் பேசலாம். படிவத்தை ஆதார் கட்டம் இல்லாமல் ஏற்கும்படி மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க மையத்தார் இந்த மாதம் போகிறார்கள். அவர்களோடு வரிசையில் நானும் நிற்கப்போகிறேன். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.